வரிசையில் கிடைத்த பெயர்

— மறைக்காத. கழுத்துல தொங்குற அட்டையைத் திருப்பிக் காட்டு.

— என்னத்த காட்டச் சொல்ற? கோர்ட்டு வாசல்ல எல்லாருக்கும்தான் ஒண்ணு மாட்டி விடுறாங்க.

— என் அட்டையில ‘மனுதாரர்’னு இருக்கு. உன்னோடதுல ‘அரசுத் தரப்பு சாட்சி’ன்னு இருக்கு. நான் பஸ் ஓட்டுறவடா. தூரத்துல வர்ற போர்டையே படிச்சிருவேன்.

— மெதுவாப் பேசுக்கா. வராந்தா முழுக்க ஆளுங்க.

— நான் ஏன் மெதுவாப் பேசணும்? வெக்கப்பட வேண்டியது நானா?

— சொல்றதைக் கேளு. கடைக்கு ரெண்டு பேர் வந்தாங்க. சாவி வெட்ட வந்திருக்காங்கன்னு நெனச்சேன். மரியாதையா உட்கார்ந்து பேசினாங்க. ‘அரசாங்கம் குடுத்த புதுப் பேரை ஆசைப்பட்டு வாங்கிக்கிட்டவர் ஒருத்தர் வேணும், நாலு வார்த்தை சொன்னாப் போதும்’னாங்க. என் கடை லைசென்ஸ் புதுப்பிக்கிற ஃபைல் அவங்க மடியில இருந்துச்சு. என்னத்த சொல்லட்டும்?

— ‘அது என் அக்கா போட்ட வழக்கு’ன்னு சொல்லியிருக்கலாம்.

— அவங்களுக்கு நீ என் அக்கான்னே தெரியாது.

— அதெப்படித் தெரியாம இருக்கும்?

— எப்படித் தெரியும்? ஸ்கூல் மைதானத்துல நம்ம ஜனத்துக்குப் பேரு மாத்தின அன்னைக்கு நீ அஞ்சாம் வகுப்பு வரிசை, நான் ரெண்டாம் வகுப்பு வரிசை. உங்க வாத்தியார் உனக்கு ஒரு குடும்பப் பேரு குடுத்தாரு, எங்க டீச்சர் எனக்கு வேற ஒண்ணு குடுத்தாங்க. காலையில ஒரு வீட்டுலேருந்து போனோம், சாயங்காலம் ரெண்டு குடும்பமாத் திரும்பினோம். தாள்ல நீ யாரோ, நான் யாரோ.

— அப்ப உள்ள போய்த் தாராளமாச் சொல்லு. ஆசைப்பட்டு வாங்கிக்கிட்டோம்னு சொல்லு. அன்னைக்கு அம்மா அடுப்பே பத்த வைக்காம உட்கார்ந்திருந்ததை மட்டும் விட்டுரு.

— அதை எடுக்காதக்கா. எனக்கும் ஞாபகம் இருக்கு. ஆனா நீ என்ன கண்ட? பேத்திக்கு நம்ம அம்மா பேரை வச்ச. அது அவங்க லிஸ்ட்டுல இல்லாத பேரு, பதிவு ஆபீஸ்காரன் எழுத மாட்டேன்னுட்டான். பதிவு இல்லாத குழந்தைக்கு ஆஸ்பத்திரியில தடுப்பூசி போட உன் பொண்ணு கெஞ்சிக்கிட்டு நிக்கிறா. லிஸ்ட்டுல இருக்கிற ஏதோ ஒண்ணை எழுதிட்டு, வீட்டுக்குள்ள நம்ம பேரைச் சொல்லிக் கூப்பிட்டாப் போச்சு. நாம எல்லாரும் அப்படித்தானே இருக்கோம்?

— ஆமா. காலையில உள்ள நானும் அதையேதான் பண்ணித் தொலைச்சேன்.

— என்ன பண்ணின?

— கேளு. அண்ணாந்து பார்த்தாக் கழுத்து வலிக்கிற உயரம் அந்த மண்டபம். ஒன்பது நீதிபதிங்க, ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு தேசம். நடுவுல ஒரு வயசான அம்மா. காதுல மாட்டுற மெஷின்ல நம்ம மொழி கேட்குது, சுத்தமான நம்ம மொழி. ‘உங்க பேரு என்ன?’ன்னு கேட்டாங்க. இத்தனை வருஷம் இதுக்குத்தானே அலைஞ்சேன்? வாயைத் திறந்தா, வாத்தியார் குடுத்த பேரு வருது.

— அடப்பாவமே. வழக்கே பேருக்குத்தானே?

— அதிகாரி கேட்டா அதைத்தான் சொல்லணும்னு நாக்குக்குப் பழகிப்போச்சு. அரசாங்க வக்கீல் சிரிச்சுக்கிட்டே எழுந்தான். ‘பாருங்க, அவங்க பேரை அவங்களே சொல்லிட்டாங்க. எங்க நாட்டுல ஒரே ஜனம்தான், சிறுபான்மைன்னு தனியா யாரும் கிடையாது’ன்னான். என் தலையில நானே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டேன்னு நெனச்சேன்.

— சரி, அப்புறம்?

— அந்த அம்மா அவனைப் பார்த்துச் சொன்னாங்க. ‘ஒரு ஜனம் இருக்கா இல்லையான்னு முடிவு பண்றது அரசாங்கத்தோட வேலை இல்லை. இருந்தா இருக்கு. நீங்க கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை அப்படித்தான் படிக்கணும்’னு. குரலைக்கூட உயர்த்தல, மணி என்னன்னு சொல்ற மாதிரி சொன்னாங்க.

— நம்ம அரசாங்கமா கையெழுத்துப் போட்டுச்சு?

— போட்டிருக்குடா. நம்மளை மைதானத்துல நிக்க வைக்கிறதுக்கு முன்னாடியே போட்டிருக்கு. அவங்கவங்க மொழியை, வழக்கத்தை, அவங்க ஜனத்தோட சேர்ந்து வச்சுக்கிறதைத் தடுக்கக் கூடாதுன்னு. எங்கேயோ கண் காணாத ஊர்ல, நம்மளைப் பார்த்தே இருக்காத யாரோ நமக்காக உட்கார்ந்து எழுதி வச்சிருக்காங்க. நமக்குத்தான் யாரும் சொல்லல.

— ம்.

— என்ன, எப்பவும் கேட்கிற ‘என்னத்த’ காணோம்?

— நீ சொல்லு.

— ‘இந்தப் பேரை உங்களுக்கு யாரு வச்சது?’ன்னு கேட்டாங்க. வாத்தியார்னேன். ‘அம்மா அப்பா வச்சது?’ன்னாங்க. ஸ்கூலை விட்டப்புறம் அந்தப் பேரை நான் வெளியாள் முன்னாடி சொன்னதே இல்லையேடா. எப்படியோ சொல்லிட்டேன். அவங்க அதைத் திருப்பிச் சொன்னாங்க, தப்பா. ‘மன்னிக்கணும், இன்னொரு தடவை சொல்லுங்க’ன்னாங்க. சொன்னேன். மறுபடியும் தப்பு. மூணாவது தடவை சரியா வந்துச்சு. ஒன்பது பேரும் குனிஞ்சு எழுதிக்கிட்டாங்க.

— அந்த வக்கீல்?

— ‘இனி இந்த மன்றத்துல இவங்களை இவங்க பேராலதான் கூப்பிடணும்’னு அந்த அம்மா சொல்லிட்டாங்க. அவனும் எழுந்து நின்னு அந்தப் பேரைச் சொன்னான். பேரோட ‘அம்மா’ன்னு மரியாதையாச் சேர்த்துச் சொன்னான். எந்தப் பேரைச் சொன்னதுக்கு என்னைக் கிளாஸ்ல முட்டி போட வச்சாங்களோ, அந்தப் பேரை. நம்ம அம்மா போனதுக்கப்புறம் அதை யாரும் சத்தமாச் சொல்லி நான் கேட்டதில்லை. அழுகை வரல, என்னமோ கால் தரையில பாவாத மாதிரி இருந்துச்சு.

— என் பேரை அந்த அம்மாவால சொல்ல முடியுமாக்கா? நடுவுல ஒரு எழுத்துக்கு நம்ம ஆளுங்களுக்கே நாக்கு புரளாதே.

— முடியலைன்னா திரும்பக் கேட்பாங்க.

— கடை போயிடும்.

— போகலாம். போகாதுன்னு நான் பொய் சொல்ல மாட்டேன்.

— பொண்டாட்டி என்னை உள்ள விட மாட்டா.

— என் வீட்டுக்கு வா. பேத்தி அழுதா நீ தூக்கு.

— மன்னிக்க வேண்டும். இடைவேளை முடிந்துவிட்டது.

— வாங்கம்மா. இவங்கதான்டா காலையில கண்ணாடி அறையிலேருந்து நம்ம மொழியில மாத்திச் சொன்னவங்க. நம்ம ஊரை இவங்க பார்த்ததுகூட இல்லை, புத்தகத்துலயே படிச்சுக் கத்துக்கிட்டாங்களாம்.

— என் உச்சரிப்பில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மக்கள் நேரில் பேசி நான் கேட்பது இதுவே முதல்முறை. ஐயா, அடுத்து உங்கள் சாட்சியம். ஆனால் ஒன்று கேட்க வேண்டும். இவரை ‘அக்கா’ என்று நீங்கள் அழைத்தது என் காதில் விழுந்தது. நீங்கள் அரசுத் தரப்பு, இவர் மனுதாரர். ஆவணங்களில் உங்களுக்குள் உறவு ஏதும் குறிக்கப்படவில்லையே?

— ஆவணத்துல இருக்காதுங்கம்மா.

— அப்படியெனில், அட்டையில் உள்ள இந்தப் பெயர் உங்களுடையதுதானா? இதைச் சொல்லித்தான் உங்களை அழைக்கப் போகிறார்கள்.

— இல்லீங்கம்மா. அந்தப் பேருக்காரனுக்கு அக்கா கிடையாது. எனக்கு உண்டு.