மிச்சக் கல்லு

மாயாண்டி: இந்தா... இப்ப கேட்டுச்சா?

பேச்சாயி: என்னது?

மாயாண்டி: வயித்துக்குள்ள. கடகடன்னு உருண்டுச்சு. கல்லு.

பேச்சாயி: காலையில ரொட்டி தின்னீங்களே, அது எறங்க வழி கேக்குது.

மாயாண்டி: வெளையாடாத புள்ள. ரொட்டிக்கும் கல்லுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா?

பேச்சாயி: நான் சுட்ட ரொட்டிய இத்தன வருசமா திங்கிறீங்க. தெரிய நியாயமில்ல.

மாயாண்டி: ஒரு தடவ ஹட்டனுக்குப் போயி ஸ்கேன் பண்ணிட்டா எல்லாம் தெரிஞ்சிரும்.

பேச்சாயி: மறுபடி ஆரம்பிச்சுட்டீங்களா... பித்தப்பையவே வெட்டி எடுத்துட்டாங்க. கல்லு இருந்த வீட்டையே இடிச்சாச்சு. அப்புறம் அது எங்க குடியிருக்கு? பக்கத்து லயத்துலயா?

மாயாண்டி: தப்பிச்சு ஓடியிருக்கலாம். இந்தா, தோளுகிட்ட வந்து நின்னு குத்துது...

பேச்சாயி: நேத்து நெஞ்சுல நின்னுச்சு. முந்தாநாள் முதுகுல. அது கல்லா, கண்டாக்கையாவா? மலை மலையா ஏறி எறங்கி மேற்பார்வை பாக்குது.

மாயாண்டி: பக்கத்து வீட்டு மூக்கன் சொன்னான். அவன் மச்சானுக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கு ஒப்பரேசன் பண்ணிட்டு, கத்திரிக்கோல உள்ளயே வச்சுத் தச்சுட்டாங்களாம்.

பேச்சாயி: உங்களுக்கும் வச்சிருந்தா நல்லதுதான். வீட்டுல இருந்த கத்திரிக்கோலக் காணாம தேடிக்கிட்டு இருக்கேன்.

மாயாண்டி: சரி, கண்ணப் பாரு. மஞ்சளா இருக்கா?

பேச்சாயி: பல்லு மஞ்சளா இருக்கு. அது கல்யாணத்தன்னைக்கே அப்படித்தான்.

மாயாண்டி: வெளிச்சத்துல பாரு புள்ள. வாசலுக்கு வர்றேன்...

பேச்சாயி: அந்தக் கண்ணாடிய மொதல்ல கீழ வைங்க. கல்யாணப் பொண்ணுகூட இவ்வளவு நேரம் மூஞ்சியப் பாக்க மாட்டா.

மாயாண்டி: நான் செத்ததுக்கப்புறம் தெரியும் உனக்கு.

பேச்சாயி: தெனமும் காலையில சாகுறீங்க. மத்தியானம் எந்திரிச்சு கொழம்புல உப்பு இல்லங்குறீங்க. எந்தச் சாவ நம்புறது?

மஃறூப்: அண்ணே... உள்ள வரலாமா?

பேச்சாயி: வாங்க மஃறூப் நானா. செருப்போடயே வாங்க, தரை ஈரமா கெடக்கு. கடைய யாருகிட்ட விட்டுட்டு வந்தீங்க?

மஃறூப்: என்ட பொஞ்சாதி செரீபா நிக்கிறா. ஆஸ்பத்திரியால வந்த மனிசனப் பாக்கப் போகல்லன்னு அவதான் ஏசி அனுப்பின. இந்தாங்க, பிஸ்கட்டும் தோடம்பழமும். எப்படி அண்ணே ஈக்கிறீங்க?

மாயாண்டி: இருக்கேன் நானா. கல்லும் இருக்கு.

மஃறூப்: எந்தக் கல்லு?

பேச்சாயி: கேக்காதீங்க. கேட்டா சட்டையத் தூக்கித் தையலக் காட்டுவாரு. லயத்துல எல்லாரும் பாத்தாச்சு, நாய் ஒண்ணுதான் பாக்கி.

மஃறூப்: ஒப்பரேசன்ல கல்ல எடுக்கல்லையா அண்ணே?

மாயாண்டி: எடுத்தாங்க. எல்லாத்தையும் எடுக்கல. பெரிய டாக்டரே இவகிட்ட சிங்களத்துல சொன்னாரு, என் கட்டிலுக்குப் பக்கத்துல நின்னு. நான் அர மயக்கத்துல கெடந்தேன். ஆனா காது கேட்டுச்சு. 'தவ கல் தியெனவா'ன்னாரு. இன்னும் கல்லு இருக்குன்னுதானே?

பேச்சாயி: அர மயக்கமா? நர்சம்மாவப் பாத்து 'ஆத்தா, கஞ்சி ஊத்து'ன்னு கேட்டாரு நானா. அந்தப் புள்ளைக்கு வயசு இருபத்தஞ்சு இருக்காது.

மஃறூப்: பொறுங்க, பொறுங்க... அந்த 'கல்'ல 'க'வ எப்படிச் சொன்னாரு?

மாயாண்டி: எப்படிச் சொல்லுவாங்க? வாயாலதான்.

மஃறூப்: அதில்ல அண்ணே. கங்கைல வார மொதல் 'க' மாதிரியா, கடைல வார 'க' மாதிரியா?

மாயாண்டி: கடை... கடை மாதிரித்தான்.

மஃறூப்: யா அல்லா. அண்ணே, சிங்களத்துல கங்கை மாதிரி சொன்னாத்தான் கல்லு. கடை மாதிரி சொன்னா அது காலம். 'இன்னும் காலம் ஈக்கி'ன்னுதான் அந்த டாக்டர் சொல்லி ஈக்காரு. நீங்க இவ்வளவு நாளா காலத்த வயித்துக்குள்ள போட்டு உருட்டிக்கிட்டு ஈக்கிறீங்க.

பேச்சாயி: நானா...

மஃறூப்: சிரிக்காம என்ன செய்ய அக்கா? நீங்க கம்பளையில சிங்கள வீட்டுல வேல செஞ்ச ஆளு. உங்களுக்கு இது தெரியுமே. சொல்லியிருக்கலாமே.

பேச்சாயி: சொன்னாக் கேக்குற காதா அது... நீங்க ஒக்காருங்க, பிளேன்டி ஊத்துறேன்.

மஃறூப்: ஆனா, எதுக்குக் காலம் ஈக்கின்னாரு?

பேச்சாயி: வேலைக்கு... வேலைக்குப் போறதுக்கு.

மாயாண்டி: நான் தோட்டத்து வேலைய விட்டு வருசமாச்சே புள்ள.

பேச்சாயி: வெறகு வெட்டுற வேலைக்கு. கோடாலியும் உங்களோட சேந்து ஓய்வெடுத்துக்கிச்சா?

மஃறூப்: சரி, எதுக்கு வீண் சந்தேகம்? நாளைக்கு என்ட ஆட்டோவுலயே ஹட்டனுக்குப் போவம். ஒரு ஸ்கேன். கல்லு இல்லன்னு கண்ணால பாத்தா அண்ணனுக்கும் நிம்மதி, உங்களுக்கும் நிம்மதி.

பேச்சாயி: வேணாம்.

மஃறூப்: ஆட்டோக் கூலி ஒண்ணும் தர வேணாம் அக்கா...

பேச்சாயி: வேணாம்னா வேணாம் நானா. எந்த ஸ்கேனும் வேணாம். அந்த ரோட்டுல ஆட்டோ குலுங்குற குலுக்குக்குத் தையல் பிரிஞ்சிரும்... அடுப்புல தண்ணி கொதிக்குது. போயிட்டு வர்றேன்.

மஃறூப்: அண்ணே, நான் பிழையா ஏதும் சொல்லிட்டேனா? அக்காட மொகமே மாறிப் போச்சே.

மாயாண்டி: மெதுவாப் பேசுங்க. இந்தச் சுவருக்கு அந்தப் பக்கந்தான் அடுப்பு.

மஃறூப்: என்ன விசயம்?

மாயாண்டி: வெட்டி எடுத்த பையில கேன்சர் இருந்துச்சாம் நானா. 'எவ்வளவு நாளைக்கு இருப்பாரு'ன்னு அவதான் கேட்டா. நான் தூங்குறேன்னு நெனச்சுக்கிட்டு. அதுக்கு டாக்டர் சொன்ன பதில்தான் அது.

மஃறூப்: அல்லாவே... அப்ப உங்களுக்கு அன்னைக்கே...

மாயாண்டி: பொல்பிட்டியில சிங்கள ஆளுங்களோட நின்னு சிமெந்து கொழச்சவன் நான். கடைக்கும் கங்கைக்கும் வித்தியாசம் தெரியாமயா போகும்?

மஃறூப்: பொறகு எதுக்கு ஸ்கேனுக்குப் போகணும்னு நிக்கிறீங்க?

மாயாண்டி: அவ விட மாட்டான்னு தெரிஞ்சுதான் கேக்குறேன்.

மஃறூப்: அப்ப வலி? நான் வாசலுக்கு வரக்குள்ள கண்ணு மஞ்சளான்னு கேட்டீங்களே... அதெல்லாம்?

மாயாண்டி: அது நெசம். ராத்திரி கண்ண மூடப் பயமா இருக்கு பாருங்க, அதுவும் நெசம். கல்லு மட்டுந்தான் பொய்.

பேச்சாயி: அங்க என்ன குசுகுசுப்பு? கல்லு நானாவோட மடிக்குத் தாவிருச்சா?

மாயாண்டி: தாவல புள்ள. இங்கனதான் இருக்கு, விலாவுக்குக் கீழ.

பேச்சாயி: இருக்கட்டும், இருக்கட்டும். அதுக்கும் சேத்துத்தான் தண்ணி ஊத்தியிருக்கேன். சீனி கூடவா கொறையவான்னு கேட்டுச் சொல்லுங்க.

மஃறூப்: எல்லாம் தெரிஞ்சுக்கிட்டே, எதுக்கண்ணே இந்தக் கூத்து?

மாயாண்டி: டாக்டர் போனதுக்கப்புறம் இவ முந்தானைய வாயில அடச்சுக்கிட்டு, கட்டில் கம்பியப் புடிச்சபடியே நின்னா. நான் கண்ணத் தொறந்தேன். 'என்ன புள்ள, இன்னும் கல்லு இருக்காம்ல'ன்னேன். என்னையப் பாத்தா. அப்புறம் சிரிச்சா பாருங்க, நர்சம்மா ஓடி வந்து ஏசுற அளவுக்கு... அந்தக் கல்ல நான் எப்படி நானா வெளிய எடுக்குறது?