அறுந்துபோற செயின்

— ஏனுங்க அம்மிணி, ரெண்டையும் மேசைமேல வச்சுட்டேன். இது ரெட்டை வரிசை டைமிங் செயின், பந்தய இன்ஜினுக்குன்னே வந்தது. பல்சக்கரம், செயினை இறுக்கிப் பிடிக்கற டென்ஷனர் எல்லாம் பெட்டிக்குள்ளயே இருக்குதுங்க. அதை விட்டுட்டு, யாரோ கழட்டிப் போட்ட இந்தப் பழசையே பாத்துட்டு நிக்கறீங்களே?

— இதைப் போட்டா எம்புட்டு தூரம் தாங்கும் அஷ்ரஃப் பாய்?

— தாங்காதுங்க. ஒவ்வொரு கண்ணியும் ஆடுது பாருங்க. பழைய இரும்புக்குப் போடலாம்னு வச்சிருந்தேன்.

— கொடி அசைச்சதுமே அறுந்துருமா?

— என்ன கேள்விங்க இது?

— சொல்லுங்க பாய். அறுந்துட்டா வண்டி கோட்டுலயே நின்னுரும்லா?

— நம்ம சொல்ற எடத்துல அறுந்து போகாதுங்க அது. மேட்டுல முழுசா மிதிக்கறப்ப, வளைவுல அறுந்துரும். வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜின் செத்துரும். ஸ்டீயரிங் கல்லாட்டம் இறுகிப்போகும், பிரேக்கும் லேசுல பிடிக்காது. உங்க வூட்டுக்காரரு உசுரோட திரும்பி வரணுமா வேண்டாமுங்களா?

— அவுக ஓட்டலை. நாந்தான் ஓட்டுதேன்.

— நீங்களா?

— வண்டிப்பெரியாறுல பாதிச் சுவத்துல என் படந்தான் பாய். எஸ்டேட்டுப் பொண்ணு மாரீஸ்வரின்னு எழுதி ஒட்டியிருக்காக. வண்டி அவுகளது, பேரு மட்டும் என்னுது. ஞாயித்துக்கிழமை மலையேத்தப் பந்தயம்.

— முடியாதுன்னு சொல்லிர வேண்டியதுதானுங்களே.

— எனக்கு மூணு மாசம் பாய்.

— அல்லா. அவருக்குத் தெரியாதுங்களா?

— போன வருசம் உண்டானப்ப சொன்னேன். பந்தயம் முடியட்டும், பெறகு பெத்துக்கிடலாம்னு ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டாக. நானும் கையெழுத்துப் போட்டேன். அதான் இந்தத் தடவை வாயே தொறக்கலை.

— அம்மா வூட்டுக்குப் போயிருங்க.

— அம்மா இருக்கது எஸ்டேட்டு லயத்துல. அங்க சூப்பர்வைசரு இவுக அண்ணன். நான் போயி நின்னா அம்மாவுக்கு அந்த ஒத்த ரூமும் போயிரும்.

— இன்ஜின் இப்ப பிரிச்சுத்தானே கெடக்குது?

— ஆமா. செயின் நீண்டு போச்சுன்னு கழட்டிப் போட்டிருக்காக.

— அப்பறம் என்னங்க. செயின் இல்லாம வண்டி கெளம்பாது. உங்களுக்கு எதையும் நான் விக்கலை. இந்த இன்ஜினுக்குச் சாமான் வர பத்து நாளாகும்னு நானே சொல்லிக்கறேன். ஞாயித்துக்கிழமை தாண்டிரும்.

— நம்புவாகளா?

— நம்பற மாதிரி சொல்றேன். அந்தப் பழசை இப்படிக் குடுங்க, உள்ள வைக்கறேன். அவரு எங்கீங்க?

— வெளிய கார்ல இருந்தாக. அந்தா வாராக பாய்.

— ஏட்டி மாரி, ஒரு செயின் எடுக்க இம்புட்டு நேரமா?

— வாங்க, உக்காருங்க. உங்க இன்ஜினுக்குச் சேர்ற செட்டு கைவசம் இல்லீங்க. பத்து நாள் ஆகும்.

— மேசைமேல இருக்கது?

— அது வேற இன்ஜினுக்குங்க. அளவு சேராது. அம்மிணிகிட்டயும் அதைத்தான் சொல்லிட்டிருந்தேன்.

— ஆமாங்க. பத்து நாளாகுமாம். என்ன செய்ய?

— பரவால்ல பாய். நல்ல செட்டு நேத்தே வாங்கிக் குடுத்துட்டேன், மெக்கானிக்கு இந்நேரம் மாட்டியிருப்பான். இவ பீரோவுல ஸ்கேன் சீட்டு கெடைச்சுது, இங்க வந்து எந்தச் செயினைக் கேக்கான்னு பாக்கத்தான் கூட்டியாந்தேன்.