இதுவரை யாரும் வரையாத படம்

படத்தைவிடச் சட்டம் பெரிதாக இருக்க வேண்டும் என்ற உயரிய கொள்கையோடு ஓவியர் சங்கத்தை வழிநடத்திவரும் அவைத்தலைவர் அவர்களே! படம் பார்க்க வந்து கடிகாரம் பார்த்துக்கொண்டிருக்கும் பெரியோர்களே! பெற்ற பிள்ளை உளறினாலும் பொறுத்துக்கொள்ளும் தாய்மார்களே! தாடி வளர்த்துக் கலை வளர்க்கும் தூரிகைத் தோழர்களே! முன்வரிசையில் கைப்பேசியும் கையுமாக அமர்ந்திருக்கும் என் இல்லத்தரசியே! அனைவருக்கும் என் வண்ணம் காயாத வணக்கம்!

புதுமை! புதுமை! எங்கே இருக்கிறது அந்தப் புதுமை? இதோ, மேடைக்குப் பின்னால் இருக்கும் இந்தப் பெரிய சுவரைக் கண்காட்சிக்காக எனக்குத் தந்த தலைவர், ஒரே ஒரு நிபந்தனை விதித்தார். "இதுவரைக்கும் யாருமே வரையாத படமா இருக்கணும் தம்பி. இல்லேன்னா சுவரைக் கண்ணாடிக் கடைக்காரருக்குக் குடுத்துடுவேன். நிலைக்கண்ணாடி மாட்டணும்னு கேட்டுட்டே இருக்காரு. வர்றவங்க அவங்க மூஞ்சியையாவது பாத்துட்டுப் போவாங்க."

சிரிக்கிறீர்கள்! அலைந்தவன் நானல்லவா!

புதுமையைத் தேடி நான் போகாத இடமுண்டா? கடலோரம் அமர்ந்தேன், மணல்தான் ஒட்டியது. மலைமீது ஏறினேன், மூச்சுதான் வாங்கியது. குளிக்காமலும் இருந்து பார்த்தேன். கருத்தும் வரவில்லை, விருந்தாளிகளும் வரவில்லை.

ஒருநாள் வந்தது கருத்து! "கூண்டை உடைத்துப் பறக்கும் பறவை!" என்று கூவிக்கொண்டே அடுக்களைக்குள் ஓடினேன். மாவு பிசைந்துகொண்டிருந்த மனைவி கையைத் துடைத்துவிட்டுக் கைப்பேசியைத் தட்டித் தேடினாள்.

"ஏங்க, இதைப் போட்டுட்டாங்க. தள்ளத் தள்ள வந்துட்டே இருக்கு."

காலி நாற்காலி?

"இருக்கு."

மெழுகுவர்த்திக்குள் உருகும் மாநகரம்?

"அதுவும் இருக்கு. நீங்க சொல்றதைவிட நல்லாவே இருக்கு."

நெஞ்சை நிமிர்த்திக் கடைசி அம்பை எய்தேன். "வெற்றுக் கித்தான்! ஒன்றுமே வரையாத வெள்ளைக் கித்தான்!"

"ஒண்ணுமே வரையாததையும் நிறைய பேரு வரைஞ்சுட்டாங்க."

என்ன தோழரே, கடைசி வரிசையில் முகம் வாடுகிறது? நீங்களும் காலி நாற்காலிதான் வரைந்தீர்களா? அஞ்சாதீர்கள், சுவரெங்கும் உங்களுக்குத் துணை இருக்கிறது! பார்க்க வந்தவர்கள் உட்காரத்தான் இந்த மண்டபத்தில் நாற்காலி போதவில்லை.

அவள் வாயால் "கிடைக்கலை" என்ற ஒரே ஒரு சொல்லைக் கேட்க நான் ஏங்கிய ஏக்கம் இருக்கிறதே! அன்று கோபம் தலைக்கேறியது. திட்டத்தான் நிமிர்ந்தேன். அப்போதுதான் பார்த்தேன். அவள் மூக்குக் கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியிருந்தது. நெற்றியில் மாவு. முகவாயில் கைப்பேசி வெளிச்சம். பின்னால் பால் பொங்கி வழிகிறது, அவளோ என் அடுத்த கருத்தைக் கவிழ்க்கப்போகும் ஆனந்தத்தில் உதட்டோரம் சிரிக்கிறாள்!

கடலைப் பார்த்தேன், மலையைப் பார்த்தேன், ஊரார் படத்தையெல்லாம் உற்றுப் பார்த்தேன். என் எதிரே நின்ற இந்த முகத்தைப் பார்த்தேனா? திட்ட வந்தவன் தூரிகையைத் தேடி ஓடினேன், தாய்மார்களே! எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது!

தலைவர் அவர்களே, படத்தை மூடியிருக்கும் துணியை விலக்குங்கள்!

இதோ! மாவும் மூக்குக் கண்ணாடியும் பொங்கும் பாலுமாக, கணவனைக் கவிழ்க்கும் களிப்பில் ஒருத்தி!

என்னம்மா முறைக்கிறாய்? சபையோரே, கைப்பேசியை எடுத்துவிட்டாள்! படம் பிடிக்கிறாள், தேடுகிறாள்! தேடு, தாராளமாகத் தேடு. கைதட்டாதீர்கள் ஐயா, அவள் ஏதோ சொல்கிறாள்.

"கிடைக்கலைங்க."

கேட்டீர்களா! கேட்டீர்களா! இன்னும் என்னம்மா?

"ஆனா என் மூக்கு இவ்வளவு பெருசு இல்ல."

மூக்கை வீட்டில் பேசிக்கொள்வோம்! வாசலில் காத்திருக்கும் கண்ணாடிக் கடைக்கார ஐயா, கொண்டுவந்த நிலைக்கண்ணாடியைத் திருப்பி எடுத்துச் செல்லுங்கள். இந்தச் சுவருக்கு முகம் கிடைத்துவிட்டது. பொறுத்துக் கேட்ட செவிகளுக்கெல்லாம் நன்றி, பொங்கிப்போன பாலுக்கும் நன்றி, வணக்கம்!