காற்று அவிழ்த்த படகுகள்

நைலான் கயிற்றை வெயிலில் போட்டு வைக்கக் கூடாது, சார். தண்ணீரில் கிடந்தால்கூடத் தாங்கும். இரண்டு கோடை வெயில் பட்டால் வலு போய்விடும். வெளியே பார்த்தால் தெரியாது. படகு மன்றத்தில் சேர்ந்தபோது எனக்கு இதெல்லாம் தெரியாது. செம்பாக்கம் ஏரியில் நீந்திப் பழகியவன் என்ற ஒரே தகுதியில் வேலை கொடுத்தார்கள்.

தாம்பரத்தில் பஸ் ஏறி, கேளம்பாக்கத்தில் மாறி, கோவளத்துக்கு முன்பே இறங்கி உப்பங்கழிக் கரைக்கு நடக்க வேண்டும். அங்கே பதினான்கு பாய்மரப் படகுகள். ஒவ்வொன்றும் கழியின் நடுவே ஒரு மிதவையில் கட்டியிருக்கும். கட்டுவதும் அவிழ்ப்பதும் என் வேலை. உறுப்பினர்கள் நல்லவர்கள், ஞாயிற்றுக்கிழமை காரில் வருவார்கள், யாரும் என்னைத் திட்டியதில்லை. "ஏய், அந்த நீலப் படகு" என்பார்கள். மூன்று வருடம் அப்படித்தான் போயிற்று. அது எனக்கு ஒரு குறையாகத் தோன்றியது எண்பத்தைந்தில்தான்.

அந்த ஐப்பசியில் பெருங்காற்றில் ஒரு படகு தானாகவே அறுத்துக்கொண்டு போனது. நான் குதித்து நீந்திப் போய், ஏறி, திருப்பிக் கொண்டுவந்து கட்டினேன். செயலாளர் வேதாசலம் சார் எல்லார் முன்னாலும் என் தோளில் தன் துண்டைப் போர்த்தி, "உன் பேரு என்னப்பா?" என்று கேட்டார். குப்புராஜ் என்றேன். அன்று முழுக்க எல்லாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அடுத்த ஞாயிறும் கூப்பிட்டார்கள். தை மாதத்துக்குள் மறுபடி "ஏய்" ஆகிவிட்டது.

மறு வருடம் காற்றுக் காலத்தில் ஒரு படகின் கயிற்றைப் பாதி அறுத்து வைத்தேன். பாதிதான். மீதியைக் காற்று பார்த்துக்கொண்டது. இதில் என் பங்கு எவ்வளவு, காற்றின் பங்கு எவ்வளவு என்று நிறைய யோசித்திருக்கிறேன். இப்படி எட்டு வருடம், வருடத்துக்கு ஒரு படகு. ஒன்றைக்கூட நான் கைவிட்டதில்லை.

கன்னியம்மா அங்கே படகுகளைக் கழுவுகிறவள். போன வருடம் நான் மீட்டுவந்த படகில் தொங்கிய கயிற்றின் முனையை அவள் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"ண்ணா, அறுந்த கயிறுன்னா தொடப்பம் மாதிரி பிரிஞ்சி நிக்கும். இது இன்னா, பாதி பிளேடு போட்ட மாதிரி கீது?"

"பாறையில உரசியிருக்கும்."

"கழியில ஏதுண்ணா பாறை?" என்று சிரித்தாள். "காத்து உனக்கு மச்சானா? வருசா வருசம் கரீட்டா வந்து உன்னை ஹீரோ ஆக்கிட்டுப் போவுதே."

அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு யாராவது என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால், குனிந்து வாளியைப் பார்த்துச் சிரிப்பாள். ஒரு வருடம் அந்தச் சிரிப்பு இருந்தது. அதற்காகத்தான் செய்தேன் என்று எழுதிக்கொள்ளாதீர்கள்.

இந்த அக்டோபர் கடைசியில் புயல் வருகிறது என்று ரேடியோவில் சொன்னார்கள். முந்தின நாள் மதியமே காற்று ஏறிவிட்டது. படகுகளைப் பார்க்க வேதாசலம் சாரும் நாலைந்து உறுப்பினர்களும் வருவதாகத் தகவல் வந்தது. அவர்கள் வருவதற்கு முன்பே கன்னியம்மாவைத் தோணியில் கூட்டிப்போய்க் கடைசிப் படகில் ஏற்றினேன்.

"உள்ள மழத்தண்ணி நிக்குது. மொண்டு ஊத்திடு."

"காத்து தூக்குதேண்ணா. வாணாமே."

"பத்து நிமிசம்."

நான் மட்டும் தோணியில் கரைக்குத் திரும்பினேன். அவளுக்கு நீச்சல் தெரியாது. கடலோரத்தில் பிறந்தும் நீந்தத் தெரியவில்லையே என்று அவளே பல தடவை சொல்லிச் சிரித்திருக்கிறாள். அந்தப் படகின் கயிற்றைக் காலையிலேயே அறுத்து வைத்திருந்தேன். இந்த முறை பாதிக்குக் கொஞ்சம் மேலே. மிதவையில் மிஞ்சிய துண்டை நீங்கள் எடுத்துவந்துவிட்டீர்கள். அதில் மறைக்க ஒன்றுமில்லை.

படகை மீட்டால் பெயர் மூன்று மாதம் நிற்கிறது. ஆளை மீட்டால் ஆயுளுக்கும் நிற்கும் என்று நினைத்தேன். அவளும் அதன்பின் சிரிக்கமாட்டாள். உயிரைக் காப்பாற்றியவனைப் பார்த்து யாராவது சிரிப்பார்களா?

அவர்கள் கார் வந்து நின்ற கொஞ்ச நேரத்தில் கயிறு போனது. நான் குதித்தேன். பாதி தூரம் நீந்துவதற்குள் படகு மறுபக்கமாகச் சாய்ந்து, கரையில் இருந்தவர்களுக்குத் தெரியாமல் அவள் தண்ணீரில் விழுந்தாள். படகைக் காற்று இடப்பக்கம் கொண்டுபோனது. அவளைத் தண்ணீர் வலப்பக்கம், முகத்துவாரத்தை நோக்கி இழுத்தது. என்னிடமிருந்து இருபது கை தூரம் இருக்கும். "குப்புராஜண்ணா" என்று கூப்பிட்டாள். அதே நேரத்தில் கரையிலிருந்தும் குரல் வந்தது. "குப்புராஜ்! போட்டைப் புடி! போட்டு போவுது பாரு!" படகில் ஆள் இருந்தது அவர்களுக்குத் தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும்.

நான் இடப்பக்கம் நீந்தினேன்.

அவளை மறுநாள் முகத்துவாரத்து மணலில் கண்டெடுத்ததாகச் சொன்னீர்கள். நான் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் நான் கழியில் இருந்தேன். புயலில் ஒன்பது படகுகள் ஒன்றோடொன்று மோதி உடைந்தன. அன்று பிடித்துவந்த படகை மட்டும் நான் புதுக் கயிறு போட்டு, காற்றுக்குத் தக்கபடி நீளம் விட்டு, இரட்டை முடிச்சாகக் கட்டியிருந்தேன். நீங்களே போய்ப் பாருங்கள், சார். ஒரு கீறல்கூட இருக்காது.