சுவர் முழுக்கப் பச்சை

எனக்கு யாரையும் நச்சரிக்கப் பிடிக்காது. டீ ஆறிப்போய் வந்தாலும் வாயைத் திறக்காமல் குடித்துவிடுவேன். "இந்த மனுஷனை வச்சுக்கிட்டு சண்டைகூடப் போட முடியல" என்று மனைவி அலுத்துக்கொள்வாள். அப்படிப்பட்டவனுக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள், நோய்க் கண்காணிப்பு.

காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்று வருகிறவர்களின் விவரத்தை ஆஸ்பத்திரிகள் தினமும் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். ஓரிடத்தில் எண்ணிக்கை திடீரென்று கூடினால் எங்கள் ஆட்கள் அங்கே ஓட வேண்டும். அருமையான ஏற்பாடுதான். ஆனால் யார் ஏற்றுகிறார்கள்? நர்சுகளுக்கு மூச்சுவிட நேரமில்லை, டாக்டர்களுக்கு இது வெட்டி வேலை. என் அறைச் சுவரில் பெரிய வரைபடத் திரை உண்டு. அனுப்பிய ஆஸ்பத்திரி பச்சைப் புள்ளி, அனுப்பாதது சிவப்பு. பார்த்தால் அம்மை போட்ட முகம்போல இருக்கும். அதைக் காட்டிக் காட்டி மேலதிகாரி என்னை வறுத்தெடுப்பார்.

நான் யாரையும் மிரட்டவில்லை. ஆஸ்பத்திரிகளின் கம்ப்யூட்டர் திரையில் ஒரு பொத்தான் வைத்துக் கொடுத்தேன்: 'இன்று யாருமில்லை.' ஒரு தட்டு, புள்ளி பச்சை. எல்லோருக்கும் ஏக சந்தோஷம். அதையும் மறப்பவர்களுக்காக, என் மேஜையிலிருந்தே தட்டும் வசதியும் செய்துகொண்டேன். பாவம், அவர்களுக்கு ஆயிரம் வேலை. கொஞ்ச நாளில் சுவர் பச்சைப் பசேலென்று ஆனது. எனக்கு 'பச்சை சார்' என்று பெயரே வந்துவிட்டது. அமைச்சர் நேரில் வந்து பாராட்டப்போவதாகச் சொன்னார்கள்.

அவர் வந்த அன்று ஒரே ஒரு புள்ளி மட்டும் சிவப்பு. தொழிற்பேட்டைக்குப் பின்னாலிருக்கும் சின்ன ஆஸ்பத்திரி. அங்கே நர்ஸ் என் மனைவியின் தங்கை. பொத்தானைத் தொடவே மாட்டாள், ஒவ்வொரு நோயாளியாக ஏற்றுவாள்; முடித்து அனுப்பும்வரை புள்ளி சிவப்புதான். பிடிவாதக்காரி. ஆனாலும் எனக்கு அவள்மேல் பிரியம் அதிகம்.

அவளே போன் செய்தாள்.

"அத்தான், காலையிலேர்ந்து ஒரே வயித்துப்போக்கு. எல்லாம் இந்தத் தெருப் புள்ளைங்க. தண்ணியிலதான் ஏதோ இருக்கு. பாதிதான் ஏத்தியிருக்கேன், அதுக்குள்ள அடுத்ததைத் தூக்கிட்டு வர்றாங்க. முதல்ல அந்தத் தெருக் குழாயை மூடச் சொல்லுங்க."

"பதறாதம்மா. நான் பாத்துக்கறேன்."

மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. நான் பொத்தானைத் தட்டினேன். அவள் ஏற்றியிருந்த பிள்ளைகள் திரையிலிருந்து போனார்கள், புள்ளி பச்சையானது. அமைச்சர் உள்ளே வந்து சுவரைப் பார்த்துக் கைதட்டினார். நிஜமாகவே அழகாக இருந்தது.

இந்த விசாரணையில், தெரிந்தே செய்தாயா என்று கேட்டீர்கள். தெரிந்தேதான். ஒரு போன் போட்டிருந்தால் குழாயை மூடியிருப்பார்கள். ஆனால் அமைச்சர் வந்து பாராட்டிப்போன மறுநாளே, அங்கே நோய் என்று எந்த முகத்தோடு சொல்வது? அப்புறம் அவள் கூப்பிடவில்லை. நிலைமை சரியாகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பிள்ளைகள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருந்தது பிறகுதான் தெரிந்தது. அவளும் அதே குழாய்த் தண்ணீரைக் குடித்துக்கொண்டுதான் அவர்களைப் பார்த்திருக்கிறாள்.

மனைவி இப்போது என்னோடு பேசுவதில்லை. தங்கைக்கு நான் ஒன்றுமே செய்யவில்லையாம். அது மட்டும் நியாயமில்லை. அவள் இறந்த அன்று அந்த ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்ப ஆளில்லை. அவள் வேலை பார்த்த இடம் சிவப்பாகக் கிடக்க மனம் கேட்கவில்லை. நான்தான் மறக்காமல் தட்டினேன், 'இன்று யாருமில்லை' என்று.