கீதாஞ்சலியின் ஐடி

ரோஸ்மேரி, அந்த போனைக் கவிழ்த்து வை. கரண்ட் வரும்போது வரட்டும். நடுவில் யாராவது களுக்கென்று சிரித்தால் எழுந்து போய்விடுவேன்... இது சிரிக்கிற சமாச்சாரம் இல்லை.

சாயங்காலம் ஆறு ஐம்பது. மங்கலத்திலிருந்து சாமளாபுரம் போகிற சாலை. மழை விட்டிருந்தது. ஆள் நடமாட்டம் இல்லை. நூல் ஏற்றி வந்த லாரி ஒன்று, ஸ்கூட்டியில் போன பெண்ணை அடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. அவள் பெயர் கீதாஞ்சலி. என்னோடு வேலை பார்க்கும் செந்தில்வேலின் சித்தப்பா மகன் மோகன்ராஜ் இருக்கிறானே, அவனுடைய மனைவி. கல்யாணமாகி ஒன்றரை வருஷம்தான்.

இரண்டு பேருக்கும் ஒரே பனியன் கம்பெனி. நாலாயிரம் ஆட்களின் ஆதார், பேங்க் நம்பர், வைத்தியச் சீட்டு எல்லாம் அங்கே கிளவுடில் இருக்கும். ஹெச்.ஆரில் அதைக் கவனித்தவள் அவள். யார் எந்த ஃபைலை எத்தனை மணிக்குத் திறந்தார்கள் என்று ஒரு பதிவு ஓடும். அதைச் சரிபார்க்கிறவன் மோகன்ராஜ்.

அந்தக் கம்பெனியில் ஒரு கூத்து. வேலையை விட்டு நிற்கிறவர் கையெழுத்துப் போட்ட சீட்டு வந்தால்தான், கம்ப்யூட்டருக்குள் நுழைகிற அவருடைய ஐடியை மூடுவார்கள். செத்தவள் எங்கே போய்க் கையெழுத்துப் போடுவாள்? ஐடி திறந்தே கிடந்தது.

காரியமெல்லாம் முடிந்து இவன் வேலைக்கு வந்த முதல் நாள் சாயங்காலம். பதிவைப் பார்க்கிறான்... 'கீதாஞ்சலி. 6.50. உள்ளே வந்தார்.' ஒரே ஒரு ஃபைல் திறந்திருக்கிறது. மோகன்ராஜின் ஃபைல். அவன் போட்டோ இருக்கிற பக்கம். நாலு நிமிஷம்... அப்புறம் மூடியிருக்கிறது.

எவனோ பாஸ்வேர்டைத் திருடிவிட்டான் என்றுதான் நினைத்தான். ஆனால் உள்ளே போக அவள் போனுக்கு வருகிற ஓடிபி வேண்டும். அந்த போன் லாரிச் சக்கரத்தில் நொறுங்கி, போலீஸ் கொடுத்த கவரிலேயே பீரோவில் இருக்கிறது. வீட்டுக்கு ஓடிக் கவரைத் தொட்டுப் பார்த்தான். சூடாக இருந்தது, இப்போதுதான் சார்ஜிலிருந்து எடுத்த மாதிரி. ஈர மண் வாசம் வேறு.

யாரிடமும் சொல்லவில்லை, பாவி. எட்டு மாதம். தினமும் ஆறு ஐம்பதுக்கு அந்த வரி வரும். அதற்காகவே வேலைக்குப் போனான். அவள் பார்ப்பாளே என்று தாடியை எடுத்துவிட்டுப் புதுப் போட்டோகூட ஏற்றினான். அன்றைக்கு ஒன்பது நிமிஷம் இருந்தாள்.

அப்புறம் சரக்கு வாங்குகிற வெளிநாட்டுப் பையர் ஆடிட்டுக்கு ஆள் அனுப்புவதாகச் சேதி வந்தது. செத்தவர் ஐடி திறந்து கிடப்பது தெரிந்தால் ஆர்டர் போச்சு. நாலாயிரம் பேர் பிழைப்பு. முதலாளி கந்தப்பன் நேரில் வந்து தோளில் கை வைத்தார்.

"கண்ணு, உன்னையவே செய்யச் சொல்றது கொடுமைதான். ஆனா அந்தப் புள்ள ஐடியத் திங்கக்கெழமைக்குள்ள மூடிரோணும் சாமி."

"செஞ்சர்றேனுங்க."

மூடினான்.

ஆறு ஐம்பது. 'கீதாஞ்சலி. அனுமதி இல்லை.' மறுபடி, 'அனுமதி இல்லை.' மறுபடி... மறுபடி... நாற்பத்தொரு தடவை. ஒவ்வொரு வரிக்கும் கம்ப்யூட்டர் 'டிங்' என்றது. இவன் காதைப் பொத்திக்கொண்டு அழுதான்.

சத்தம் நின்றது. ஒரு மெயில் வந்தது. அனுமதி கேட்டு யார் எழுதினாலும் அவனுக்குத்தான் வரும். கொடுப்பதும் மறுப்பதும் அவன் கையில். காரணம் என்கிற கட்டத்தில் ஒரே வரி.

"ஏனுங்க, உள்ள தாழ் போட்டுட்டீங்களா?"

மறுத்தான். வேறு என்ன செய்வான், சொல்லுங்கள். ஆடிட் நல்லபடியாக முடிந்தது. ஆனால் இப்போது பையர்காரர்களும் அந்தப் பதிவைப் பார்க்கிறார்கள், ஒரு நாள் திறந்துவிட்டாலும் தெரிந்துவிடும். மெயிலோ தினமும் வந்தது.

"மழ வருதுங்க."

மறுத்தான்.

"இருட்டாயிருச்சுங்க."

மறுத்தான். கட்டின பெண்டாட்டியை வாசலில் நிறுத்திக் கதவடைக்கிற மாதிரி, தினம் ஒரு தடவை, தன் கையாலேயே.

நேற்று வந்ததைத்தான் செந்தில்வேலிடம் காட்டியிருக்கிறான்.

"செரீங்க. அப்ப நீங்க வாங்க."

காட்டும்போது மோகன்ராஜ் சிரித்தானாம். அவள் போன பிறகு, முதல் தடவையாக.