பின்கதவால் வாறவர்

பூனை என்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பயம், ஐயா. படத்தில் இருந்தால் பரவாயில்லை. நெல்லியடியில் ஒரு தனியார் வகுப்பில், பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பிய ஓவியங்களில் பூனைக்கு என்ன அர்த்தம் என்பதையே படிப்பித்து வந்தேன். பெண்ணின் காலடியில் நாய் படுத்திருந்தால் அவள் விசுவாசமானவள். அதே இடத்தில் பூனை நின்றால், இப்போதுதான் ஒருவன் எழுந்து போயிருக்கிறான். பிள்ளைகள் கொடுப்புக்குள் சிரிப்பார்கள். நான் சிரித்ததில்லை.

என் மனைவி உதயகலா நல்ல மனுஷி. மாசி மாதம் ஒரு பின்னேரம் வகுப்பு நடக்காததால் நேரத்தோடு வீட்டுக்கு வந்தேன். அவள் குசினியில் நின்று தங்கை குணலட்சுமியோடு ஃபோனில் கதைத்துக்கொண்டிருந்தாள்.

"அவர் பின்கதவாலைதான் வாறவர். பாலைக் குடிச்சிட்டு என்ரை மடியிலை படுத்திடுவார். இவர் வாற சத்தம் கேட்டால் ஓடிப்போயிடுவார். இவருக்குச் சொல்லிப்போடாதை."

எங்கள் வீட்டில் 'இவர்' நான். 'அவர்' யார் என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. அன்றிலிருந்து சொந்த வீட்டுக்குள் போகவே பயந்தேன். படலையடியில் நின்று பலமாக இருமிவிட்டுத்தான் உள்ளே போவேன். அவளும் பயந்துபோய்த்தான் இருந்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்தால் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டுப் பின்கதவைச் சாத்தப் போவாள். குற்றமில்லாதவளுக்கு ஏன் பயம் என்று யோசித்தேன்.

போன வெள்ளி இருமாமல் போனேன். கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள். அவள் காலடியில் சாம்பல் நிறக் கடுவன் பூனை ஒன்று வாலைத் தூக்கிக்கொண்டு நின்றது. அது என்னைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது.

"கோவிக்காதேங்கோ. உங்களுக்குப் பயமெண்டுதான் சொல்லேல்லை. பாவம், பால் குடிக்க வாறவர்," என்றாள்.

எனக்கு உடனே விளங்கியது. செல்லப் பிராணியை 'அவர், இவர்' என்று மரியாதையாகச் சொல்வது எங்கள் பக்கத்து வழக்கம்தான். ஆனால் அவள் நின்ற நிலையும் பூனை நின்ற இடமும் நான் படிப்பித்தபடியே இருந்தன. அவளைக் கிணற்றுக்குள் தள்ளினேன். உள்ளேயிருந்து என்னைத்தான் கூப்பிட்டாள். பூனை வேலிக்குள்ளால் ஓடிய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

நேற்றுக் குணலட்சுமி இங்கே பொலிசுக்கு வந்து, "அக்கா சொன்னது பூனையை, அத்தான்," என்று அழுதாள். ஓம், பூனையைத்தான். எந்த ஓவியத்திலும் பூனையை மட்டும்தான் வரைந்திருப்பார்கள், ஐயா. ஆளை வரைய மாட்டார்கள்.